பால்சுறாவுக்கும் உக்குளானுக்கும் தொப்புள் உண்டு

முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிற என் மருமகன், தங்கச்சியின் மூத்தவன், போன கிழமை இரவு போன் எடுத்தான். அன்று விடிய வலையில் வந்த பால்சுறா ஒன்றை வாடியில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் நாலு குட்டி. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஒரு கொடி போய்த் தாயின் உட்சுவரில் ஒட்டியிருந்ததாம். அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது வேறொன்று. சின்ன வயதில் ஒட்டுசுட்டானில் அவனுடைய அம்மப்பா, அதாவது என் அப்பா, கொண்டுவந்த உக்குளானின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டியும் கொடியும் இருந்தன.

"மாமா, ரெண்டு கொடியும் ஒரே மாதிரித்தான் கிடந்தது. அப்ப சுறா மீனா, மிருகமா? ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா எதில ஒண்டு, எதில வேற எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றான்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். முப்பது வருடம் உயர்தர மாணவர்களுக்கு விலங்கியல் படிப்பித்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைப்பது லேசில்லை. அவன் மட்டும் வாசிப்பானேன் என்று இங்கேயே போடுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். சுறா மீன்தான், உக்குளான் மிருகம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவன் கண்ட கொடி மெய்யான கொடி. ஏதோ நரம்பையோ குடலையோ பார்த்து அவன் ஏமாறவில்லை.

இரண்டையும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். உக்குளான் என்று வன்னியில் நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டில் சருகுமான் என்பார்கள். பெயரில் மான் இருந்தாலும் அது மான் குடும்பம் இல்லை. கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்வாயில் இரண்டு கோரைப் பற்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கொம்புக்குப் பதில் அதுதான் ஆயுதம். முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, கால்கள் பென்சில் தடிப்பு, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும். பாலைப்பழம் விழுகிற காலத்தில் மரத்தடியில் இரவு ரோச் லைற் அடித்தால் கண் மினுங்கும். அடுத்த நொடி ஆள் இருக்காது.

இந்த உயிருக்கு விஞ்ஞானம் வைத்த பெயரே இலங்கைப் பெயர்தான். சிங்களத்தில் மீமின்னா. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் அச்சான தன் நூலில், மானைப் போலவே இருந்தும் முயலை விடப் பெரிதில்லாத ஒரு பிராணி என்று இதைப் பற்றி எழுதினார். இறைச்சி நல்லது என்பதையும் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் தப்பி வந்த பாதை அருவி ஆற்றங்கரைக் காடு. 1679 ஒக்ரோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1777 இல் ஜேர்மன் நாட்டு எர்க்ஸ்லெபன் முறைப்படி பெயர் வைத்தபோது மெமின்னா என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2005 இல் குரோவ்ஸ், மைஜார்ட் என்ற இருவர் மண்டையோடுகளையும் தோல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து இந்தியாவினது ஒன்று, இலங்கையின் உலர்வலயத்தினது ஒன்று, ஈரவலயத்தினது இன்னொன்று என்று பிரித்தார்கள். வன்னிக் காட்டில் இருப்பது உலர்வலயத்து ஆள், மெமின்னா என்ற பழைய பெயர் அதற்கே நின்றது.

பால்சுறா ஆழம் குறைந்த கரையோரக் கடலில் திரிகிற சின்னச் சுறா. வளர்ந்தது ஒரு மீற்றருக்குச் சற்று முன்பின் இருக்கும். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, மூக்கு நீளமாகக் கூர்த்திருக்கும். வாயின் இரு ஓரத்திலும் நீளமான ஒரு வெடிப்புக் கோடு ஓடும். இரண்டாவது முதுகுச் செட்டை மிகச் சிறியது, கீழே உள்ள குதச் செட்டை தொடங்குகிற இடத்துக்கும் பின்தள்ளித்தான் தொடங்கும். இந்த இரண்டு அடையாளத்தையும் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வது நல்லது. ஏனென்றால் சந்தையில் கையளவு சுறா எல்லாமே பால்சுறாதான். 1837 இல் ரூப்பெல் என்பவர் செங்கடலில் பிடிபட்டதை வைத்து இதை விவரித்தார். மேற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து அவுஸ்திரேலியா வரை இருக்கிறது.

தராசில் போட்டால் ஒரு வேடிக்கை. வளர்ந்த உக்குளான் இரண்டு மூன்று கிலோ. வளர்ந்த பால்சுறாவும் ஏறத்தாழ அவ்வளவுதான். குளம்புள்ள மிருகங்களுக்குள்ளே மிகச் சிறியவற்றில் ஒன்றும், சுறாக்களுக்குள்ளே சின்ன ஒன்றும் ஒரே படியில் நிற்கின்றன. இரண்டுமே எங்கள் பக்கத்தில் சட்டிக்குள் போனவை என்பதையும் மறைக்க வேண்டாம். அப்பா அந்தக் காலத்து மனிதர். இன்று உக்குளானை வேட்டையாடுவது குற்றம்.

சரி, கொடிக்கு வருவோம். கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பால்சுறாவின் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் சில கிழமைக்குக் குட்டிக்குச் சாப்பாடு அந்த முட்டையின் மஞ்சள் கரு. அது ஒரு பையில் இருக்கும், பையிலிருந்து ஒரு குழாய் குட்டியின் வயிற்றுக்குள் போகும். கோழிக்குஞ்சுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் மஞ்சள் கரு தீர்ந்த பிறகுதான் பால்சுறா கோழியைத் தாண்டிப் போகிறது. கட்டுச்சோறு முடிந்ததும் வெறும் பையை எறியாமல், அந்தப் பையையே தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் பை மடிப்பு மடிப்பாக விரிந்து, தாயின் சுவரும் மெலிந்து, இரண்டு பக்கத்து இரத்தக் குழாய்களும் கிட்டக் கிட்ட வருகின்றன. இரத்தம் கலப்பதில்லை, சத்து மட்டும் கடக்கிறது. அந்த நேரத்தில் வெட்டிப் பார்த்தால் முந்தைய குழாய் கொடியாகவும், முந்தைய பை நச்சுக்கொடியாகவும் தெரியும். ஒவ்வொரு குட்டிக்கும் தனி அறை, அதனால் கொடிகள் சிக்குப்படுவதில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் இப்படி. பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து குட்டி, கூடினால் எட்டு. பிறக்கும்போது 25 சென்ரிமீற்றருக்குக் குறையாது. எண்பது சென்ரிமீற்றர்த் தாய்க்குப் பிள்ளை தன் நீளத்தில் மூன்றிலொன்று என்றால் அந்த வயிறு பட்ட பாட்டை யோசியுங்கள்.

உக்குளானின் கொடிக்கு வேறு பிறப்பு. பாலூட்டிகளில் மஞ்சள் கருப் பை பேருக்குத்தான் இருக்கிறது. கருவைச் சுற்றி வளர்கிற வேறு சவ்வுகள், முக்கியமாக வெளிச் சவ்வும் கருவின் கழிவு சேர்கிற சவ்வும், ஒன்றாகி நச்சுக்கொடி ஆகின்றன. எங்கள் வீடுகளில் மாடு கன்று போட்டால் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது வழக்கம், பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மாட்டுக்கும் பால் குறையாது என்று. அந்த இளங்கொடியை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய பெரிய பொத்தான் வைத்துத் தைத்த மாதிரிக் கட்டிகள் இருக்கும். தாயோடு ஒட்டுவது அந்தப் பொத்தான்களால்தான். ஆடு, மாடு, மரை, புள்ளிமான் எல்லாவற்றுக்கும் பொத்தான் உண்டு. சருகுமான்களுக்கு மட்டும் கிடையாது. சவ்வு முழுக்கப் பரவலாகச் சுவரோடு படிந்திருக்கும். பன்றிக்கும் அப்படித்தான். அசைபோடும் மிருகங்களின் கூட்டத்திலிருந்து முதலில் பிரிந்து நின்ற கிளை சருகுமான் என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம். கர்ப்பம் ஐந்து மாதமளவு, ஒன்று அல்லது இரண்டு குட்டி.

ஆக, மருமகன் கண்ட இரண்டு கொடியும் ஒரே வேலை செய்பவை, ஆனால் ஒரே இடத்திலிருந்து வந்தவை இல்லை. பாலத்தை இரண்டு கரையில் இரண்டு கொத்தனார் ஒருவரை ஒருவர் காணாமல் கட்டியிருக்கிறார்கள். ஒருவரிடம் இருந்தது மஞ்சள் கருப் பை, மற்றவரிடம் வேறு சவ்வு.

இதைக் கண்டு வியந்த முதல் ஆள் என் மருமகன் இல்லை. கிரேக்கத்து அரிஸ்ரோட்டில், கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டிலேயே, ஒருவகைச் சுறாவின் குட்டி நாலுகால் பிராணிகளின் குட்டியைப் போலக் கொடியால் தாயோடு இணைந்திருக்கிறது என்று எழுதிவைத்தார். அவரும் மீனவர்களோடு கரையில் நின்று பார்த்தவர்தான். பிறகு வந்த படித்தவர்களில் பலருக்கு அது நம்பிக்கையாக இல்லை. 1842 இல் பேர்லினில் யொஹான்னஸ் முல்லர் சுறாக்களை வெட்டிப் பார்த்து, கிழவன் சொன்னது சரி என்று நிறுவினார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஒரு உண்மை பெரும்பாலும் கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது. கரையில் நிற்கிற யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும்.

எல்லாச் சுறாவும் இப்படி என்று எண்ணவேண்டாம். மூங்கில் சுறா தோல் பை போன்ற கூட்டில் முட்டையிடும், வெறும் கூடு சிலவேளை கரையில் ஒதுங்கும். உலகத்திலே பெரிய மீனான திமிங்கிலச் சுறா முட்டையை வயிற்றுக்குள் பொரித்துக் குட்டியாக விடும். 1995 இல் தாய்வானில் பிடிபட்ட ஒன்றில் முந்நூறு குட்டிக்கு மேல் இருந்தன, ஒன்றுக்கும் இந்த மாதிரிக் கொடியில்லை. மறுபக்கம், மண்வெட்டி மாதிரித் தட்டை மூக்கு உள்ள இன்னொரு சின்னச் சுறா இந்துமாகடலில் உண்டு, அதையும் பால்சுறா என்று விற்பார்கள். அதன் முட்டை ஒரு மில்லிமீற்றர்தான். கட்டுச்சோறே இல்லாமல் புறப்பட்டு, கிட்டத்தட்ட முழுக்கத் தாயின் செலவில் வளர்கிற பிள்ளை.

கதை பிரிகிற இடம் பிறப்பு. பால்சுறாக் குட்டி வெளியே வந்த நொடியிலிருந்து தனி ஆள். கொடி அறுந்த வடு இரண்டு பக்கச் செட்டைகளுக்கும் நடுவே கொஞ்ச நாள் தெரியும், பிறகு மறைந்துவிடும். தாய் திரும்பிப் பார்க்காது. உக்குளான் குட்டியும் பிறந்து கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் தாய் அதைப் பற்றைக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போய் மேய்ந்து, திரும்ப வந்து பால் கொடுக்கும். பாலூட்டி என்று சொல்வதற்கு வேண்டியது கொடி இல்லை, அந்தப் பால். மயிரும் கூட. சுறாவில் இரண்டும் கிடையாது. பெயரில் மட்டும் பால்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வன்னியில் எந்த அம்மம்மாவைக் கேட்டாலும் சொல்வார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற சுறா. அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறையாகவோ, சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறியாகவோ. அது நல்ல புரதம், வயிற்றுக்கு லேசு, பசி எடுக்கச் செய்யும். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பால் சுரப்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பிள்ளை உறிஞ்சுவதுதான். உறிஞ்ச உறிஞ்சத்தான் தாயின் மூளையடிச் சுரப்பி பாலைச் சுரக்கச் சொல்லும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுறாக்களின் சதையில் பாதரசம் சேரும், பெரிசாகவும் வயசாகவும் கூடச் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்கவேண்டிய மீன்களில் சுறாவைப் போட்டிருக்கிறது. பால்சுறா சின்னது, பெரிய சுறா அளவுக்குச் சேர வாய்ப்பில்லைதான். ஆனாலும் மருமகனுடைய மனைவிக்கு இப்போது ஒரு மாதக் கைக்குழந்தை. வறை ஒருநாள் போதும், மற்ற நாளுக்குச் சூடையும் சாளையும் வாங்கு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தங்கச்சிக்கு என்மேல் கோபம்.

இனி உறவு. இதில் பலர் தடுமாறுவார்கள், பரீட்சை எழுதின பிள்ளைகளும்தான். ஒரு சுறாவையும் ஒரு பாரையையும் ஒரு உக்குளானையும் வரிசையாக வைத்து, எந்த இரண்டு நெருங்கிய சொந்தம் என்று கேட்டால் எல்லோரும் சுறாவும் பாரையும் என்பார்கள். தப்பு. பாரையும் உக்குளானும்தான் நெருக்கம். தாடையுள்ள முதுகெலும்பிகளின் வம்சம் நாற்பது கோடி வருடத்துக்கும் முன்பே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் சுறா, திருக்கை. மறுபக்கம் எலும்பு மீன்கள். அந்த எலும்பு மீன்களில் ஒரு கிளைதான் கரையேறி, தவளையும் பல்லியும் உக்குளானும் நாங்களுமாகப் பிரிந்தது. கறிச்சட்டியில் பாரை முள் தொண்டையில் குத்தும்போது, அது எங்கள் எலும்பின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். சுறாவில் குத்துகிற முள் இல்லை. முழுக்கக் குருத்தெலும்பு, மேலே சுண்ணாம்புச் சில்லுகள் பதித்தது.

குருத்தெலும்பு என்றதும் சுறா பழைய மொடல், எலும்பு பிறகு வந்த புது மொடல் என்று நானும் கனகாலம் படிப்பித்தேன். இப்போது அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். மொங்கோலியாவில் கிடைத்த, நாற்பத்தொரு கோடி வருடப் பழமையான ஒரு கவச மீனின் மண்டையோட்டில் உள்ளெலும்பு இருந்ததை 2020 இல் வெளியிட்டார்கள். சுறாவின் முன்னோருக்கும் எலும்பு இருந்து, சுறாக்கள் அதைக் கைவிட்டிருக்கலாம் என்று அது காட்டுகிறது. பாரம் குறைந்தால் மிதப்பது சுலபம். சுறாவுக்குக் காற்றுப் பை கிடையாது, எண்ணெய் நிரம்பிய பெரிய ஈரலை வைத்துத்தான் சமாளிக்கிறது.

பல்லைப் பார்த்தாலும் இரண்டும் நேர் எதிர். உக்குளானுக்கு மேல் முன்பல்லே கிடையாது. கீழ்ப்பல்லை மேல் ஈறில் அழுத்தி இலையைக் கிள்ளும். பாற்பல் ஒரு முறை விழுந்து முளைத்தால் அதோடு சரி. பால்சுறாவுக்கு முன்வரிசை விழ விழப் பின்வரிசை நகர்ந்து வரும், சாகும்வரை. அதன் தோலையே வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், மரம் தேய்க்கிற தாள் போல அறுக்கும். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு குட்டிப் பல்.

யூரியா விஷயத்தில்தான் எனக்கு இரண்டின் மேலும் ஒரு தனி மதிப்பு. ஆம், வயலுக்கு எறிகிற அதே யூரியா. 2021 காலபோகத்தில் உரத்தடையால் அதற்கு நாங்கள் பட்ட பாட்டை வன்னியில் யாரும் மறக்கவில்லை. எங்கள் உடம்பு அதைக் கழிவென்று சிறுநீரில் வெளியேற்றும். சுறா வெளியேற்றாது, சேர்த்து வைக்கும். சுறாக்களின் இரத்தத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 20 கிராம் யூரியா இருக்கும். எங்களில் அரைக் கிராமும் இராது. காரணம் உப்பு. கடல்நீர் உடம்பின் தண்ணீரை வெளியே இழுக்கும், இரத்தத்தில் யூரியா நிறைந்திருந்தால் அந்த இழுவை எடுபடாது. அவ்வளவு யூரியா புரதங்களைக் கெடுக்கும் என்பதால் அதற்கு முறிவாக ட்ரைமெத்திலமைன் ஒக்சைட் என்று இன்னொரு பொருளையும் கூடவே வைத்திருக்கிறது. சுறா செத்ததும் பக்டீரியா யூரியாவை அமோனியாவாக்கும். நேரம் சென்ற சுறாவில் வருகிற அந்த மூத்திர வாடை அதுதான். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவதும், பழப்புளி கரைத்து விடுவதும் எங்கள் பெண்கள் அறிந்த இரசாயனம். யூரியா தண்ணீரோடு போய்விடும், மிச்ச அமோனியாவைப் புளி அடக்கும்.

உக்குளானும் யூரியாவைச் சும்மா விடுவதில்லை. அசைபோடும் மிருகங்கள் எல்லாம் இரத்தத்து யூரியாவில் ஒரு பங்கை உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் இரைப்பைக்கே திருப்பி அனுப்பும். அங்கிருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று புரதமாக்கும், பிறகு மிருகம் அந்த நுண்ணுயிர்களைச் சமித்துக்கொள்ளும். காய்ந்த சருகுக் காலத்தில் இது பெரிய உதவி. மாட்டுக்கு இரைப்பையில் நாலு அறை என்றால் உக்குளானுக்கு மூன்றுதான், மூன்றாவது அறையான ஏட்டிரைப்பை சரியாக உருவாகவில்லை. பால்சுறாவின் குடல் கட்டை. ஆனால் உள்ளே சுருட்டி வைத்த பாய் மாதிரி ஒரு மடிப்பு இருப்பதால் உறிஞ்சுகிற பரப்பு கூடிவிடுகிறது.

இரத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. பாலூட்டிகளிலே மிகச் சின்னச் சிவப்பணு யாவாத் தீவுச் சருகுமானுடையது, இரண்டு மைக்ரோமீற்றர் அளவு. மனிதனுடையது ஏழரை. சுறாவுடையது எங்களுடையதை விடப் பல மடங்கு பெரிசு, நடுவில் கருவும் இருக்கும்.

இரவில் மினுங்குகிற கண் இரண்டுக்கும் உண்டு. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம், தப்பிப் போகிற வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். அதிலும் கொடிக் கதைதான். உக்குளானில் அது நார்களால் ஆனது. சுறாவில் குவானின் என்ற பளிங்குகள், மீன் செதிலில் வெள்ளியாக மினுங்குகிற அதே பொருள். அதற்கு மேல் சுறாவின் மூக்கில் பொட்டுப் பொட்டாகத் துளைகள் இருக்கும், அமத்தினால் கூழ் வரும். 1678 இல் இத்தாலியர் லொரென்சினி அவற்றை விவரித்தார். மறைந்திருக்கிற இரையின் உடம்பு மின்சாரத்தை அவற்றால் உணரும். உக்குளானிடம் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. அதற்குக் காதும் மூக்கும் பயமும்தான்.

"சுறா சொந்தம் இல்லையென்றால் கடலில் உக்குளானுக்கு ஆருமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெரிய சொந்தம். திமிங்கிலமும் ஓங்கிலும். இது பகிடி இல்லை. இரட்டைக் குளம்பு மிருகங்களின் வம்சத்துக்குள்ளிருந்துதான் திமிங்கிலங்கள் கிளைத்தன. காஷ்மீரில் ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேர்த்து வைத்திருந்த பாறைகளில் இருந்த எலும்புகளை ஆராய்ந்து, 2007 இல் தெவிசன் குழுவினர் இந்தோகியஸ் என்ற பிராணியைப் பற்றி வெளியிட்டார்கள். ஏறத்தாழ நாலு கோடியே எண்பது இலட்சம் வருடத்துக்கு முந்தியது. பூனை அளவு, பார்வைக்குச் சருகுமான் போல, கால்களில் குளம்பு. ஆனால் காதெலும்பு திமிங்கிலத்தினது. கால் எலும்புகளும் நீர்யானையினுடையதைப் போலத் தடித்துக் கனத்தவை, தண்ணீருக்குள் நடக்கப் பாரம் வேண்டுமே. ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் பாய்கிற பழக்கத்திலிருந்து கதை தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அதற்குச் சாட்சி சொல்வதுபோல இலங்கையிலேயே ஒரு சருகுமான் கீரி துரத்தியபோது குளத்தில் பாய்ந்து தண்ணீருக்கடியில் நீந்தியதைக் கண்டவர்கள் உண்டு. 2010 அளவில் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஆபிரிக்கச் சருகுமானும் இதையே செய்யும்.

திமிங்கிலத்தையும் சுறாவையும் பிரித்தறிய வாலைப் பார்த்தால் போதும். சுறா வாலை இடம் வலமாக அடிக்கும், திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும். உக்குளான் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைவதும் மேலும் கீழுமாகத்தான். கடலுக்குப் போனாலும் முதுகெலும்பு பழைய ஓட்டத்தை மறக்கவில்லை.

கூட நின்ற அவனுடைய கூட்டாளி ஒருவன் இரண்டும் சண்டை பிடித்தால் எது வெல்லும் என்று கேட்டானாம். பால்சுறாவின் தீனி சின்ன மீன், கணவாய், இறால். உக்குளானைக் கடிக்க அதன் வாய் காணாது. உக்குளானுக்கு எதிரி நரி, சிறுத்தை, வெங்கிணாந்திப் பாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள். பால்சுறாவுக்கு எதிரி பெரிய சுறாக்கள், பிறகு நாங்கள். பாரை ஒரு தடவைக்கு இலட்சக்கணக்கில் முட்டை விடும். இவை இரண்டும் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் பெறும். ஆகவே ஒரு தாயை எடுத்தால் இழப்புப் பெரிசு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் உலர்வலயத்து உக்குளானுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, பால்சுறா அழியக்கூடிய நிலையில் என்று இருக்கிறது. 2022 இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் பால்சுறாவின் குடும்பம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். வீட்டுச் சட்டிக்கு அது பொருந்தாது.

கடைசியில் மருமகன் மெல்லக் கேட்டது வேறு. அந்த நாலையும் உடனே கடலில் விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று. ஒரு சாண் என்றால் 22 சென்ரிமீற்றர் வரும், கொடியும் விழவில்லை, அப்படியென்றால் மாதம் நிறையவில்லை. பிழைத்திராது. கொடி தானாகக் கழன்று, வடு மட்டும் இருந்து, ஒன்றரைச் சாண் நீளத்தில் துடித்துக்கொண்டிருந்தால் விட்டுப் பார்க்கலாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய உள்ளங்கையில் ஒரு சின்னப் பால்சுறா மல்லாந்து கிடக்கிறது, வேறொரு நாள் வலையில் வந்ததாம். இரண்டு செட்டைக்கும் நடுவில் நகக்கீறல் அளவு ஒரு கோடு. கீழே, "தொப்புள் தானே மாமா? விட்டிட்டன்" என்று எழுதியிருந்தான்.